எந்த வேலை முதலில்? வரிசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர், மேற்படிப்புக்குக் கிளம்புபவர், சொந்தத் தொழில் தொடங்குபவர், புத்தகம் எழுத உட்காருபவர் என்று யாரோடு பேசினாலும், கொஞ்ச நேரத்தில் பேச்சு ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது: “இதில் எதை முதலில் செய்வது?” உழைப்பில் குறை வைக்காதவர்கள்கூட இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இழக்கிறார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்வதால், முதல் முறை படிப்பவர்கள் மேலிருந்து வருவது நல்லது.

1. எப்படியும் எல்லா வேலையையும் செய்யத்தானே போகிறோம்? எந்த வரிசையில் செய்தால் என்ன?

சில வேலைகளுக்கு வரிசை உண்மையிலேயே பொருட்டில்லை. கட்டணம் கட்டுவதும் அலமாரியை ஒழுங்கு செய்வதும் எது முன்னால் நடந்தாலும் ஒன்றுதான். ஆனால் ஒரு வேலையில் கிடைப்பது இன்னொரு வேலைக்குத் தேவைப்படும்போது நிலைமை வேறு. சுவருக்கு வண்ணம் அடித்த பிறகு உள்ளே மின்கம்பி பதிக்க நினைத்தால், சுவரைக் கொத்தி, பூசி, மறுபடி வண்ணம் அடிக்க வேண்டியதுதான்.

வரிசை தப்பினால் மூன்று விதமாக இழக்கிறோம். செய்ததையே திரும்பச் செய்கிறோம். நமக்கு நேரம் இருந்தும், வர வேண்டியது வராததால் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். மூன்றாவதுதான் ரொம்ப வலிக்கும்: இது நடக்காது என்று முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கக்கூடிய விஷயம், பணமும் வருஷமும் போன பிறகு தெரிய வருகிறது.

2. முக்கியமானதை முதலில் செய் என்கிறார்களே, அதுதானே சரியான வரிசை?

ஒரு வேலை எவ்வளவு முக்கியம் என்பது அதன் மதிப்பைப் பற்றிய கேள்வி. அதை எப்போது செய்வது என்பது, அது எதை நம்பி நிற்கிறது, அதை நம்பி எது நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய பட்டியலில் இன்றைக்குச் செய்யவே முடியாத ஒரு வேலை முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்தே மனசு சோர்ந்துவிடுகிறது.

முக்கியத்தை வைத்து எதைப் பட்டியலில் சேர்ப்பது, எதைத் தூக்கிப்போடுவது என்று முடிவு செய்யுங்கள். வேலைகளை அவசரமா, முக்கியமா என்று பார்த்து நான்கு கட்டங்களில் பிரிக்கும், பலரும் சொல்லும் முறை அதற்கு நன்றாகவே உதவும். சேர்த்த பிறகு கேட்க வேண்டியது வேறு: “இது முடியாததால் எதெல்லாம் நிற்கிறது?” இந்தக் கேள்வியை நினைவில் வையுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும்.

3. பெரிய இலக்கைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இலக்கு நிறைவேறிய நாளை எடுத்துக்கொண்டு, “அதற்கு முதல் நாள் என்னவெல்லாம் தயாராக இருந்திருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். கிடைத்த ஒவ்வொரு பதிலையும் அதே கேள்விக்கு உட்படுத்துங்கள். “இதை இன்றைக்கே தொடங்கலாம், எதுவும் தடையில்லை” என்று சொல்லக்கூடிய வேலைகள் வரும்வரை விடாதீர்கள்.

வெளிநாட்டுப் படிப்பை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் சேர விசா வேண்டும். விசாவுக்குச் சேர்க்கைக் கடிதமும் பணம் இருப்பதற்கான சான்றும் வேண்டும். சேர்க்கைக்கு விண்ணப்பம், பரிந்துரைக் கடிதங்கள், மொழித் தேர்வு மதிப்பெண். பல மொழித் தேர்வுகளுக்கு அடையாள ஆவணமாகக் கேட்பது பாஸ்போர்ட். ஆக, ‘கிளம்பும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று நினைத்த பாஸ்போர்ட்தான் முதல் வேலை! முன்னோக்கி யோசித்தால் இது கண்ணில் படுவது கடினம்.

4. ஒன்றுக்குப் பின்னால்தான் இன்னொன்று வர வேண்டும் என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

பின்னால் வருவதாகச் சொல்லும் வேலையை இந்த நிமிஷமே தொடங்குவதாகக் கற்பனை செய்யுங்கள். எந்த இடத்தில், எது இல்லாமல் நிற்கும்? பதில் ஒரு பொருளாகவோ, பணமாகவோ, ஒரு தகவலாகவோ, யாரோ தர வேண்டிய அனுமதியாகவோ, இன்னும் பழகாத ஒரு திறமையாகவோ இருந்தால் அந்தப் பிணைப்பு உண்மையானது. பதில் “அப்படித்தான் எல்லாரும் செய்கிறார்கள்” என்று வந்தால், அது வழக்கம் மட்டும்தான். பின்னங்கள் தெரியாமல் இயற்கணிதத்தில் இறங்கினால் நிற்பீர்கள், அது உண்மையான பிணைப்பு. புத்தகத்துக்குத் தலைப்பு கிடைக்காமல் முதல் அத்தியாயம் எழுத முடியாது என்பது வெறும் பழக்கம்.

பாதிப் பிணைப்பு என்றும் ஒன்று உண்டு. கணக்கெடுப்பு முழுவதும் முடிந்தால்தான் அறிக்கை எழுத முடியும் என்பார்கள். ஆனால் அறிக்கையின் அமைப்பு, பின்னணி, செயல்முறை ஆகிய பகுதிகளுக்குக் கணக்கெடுப்பு முடிவு தேவையே இல்லை. வேலையை உடைத்துப் பார்த்தால் எந்தத் துண்டு உண்மையில் காத்திருக்கிறது என்பது தெரியும். மற்றதை இன்றே தொடங்கலாம்.

5. இன்னும் தயாராகவில்லை என்றே தோன்றுகிறது. தயாரிப்பு முடிந்த பிறகு தொடங்குவதுதானே முறை?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பொறுப்பானவர்கள், அதனால் பதிலைக் கவனமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். தயாரிப்பு என்பதும் ஒரு முன்வேலைதான். அதையும் 4-இல் சொன்ன சோதனைக்கு உட்படுத்துங்கள். இன்றைக்கே தொடங்கினால் எங்கே நிற்பேன்? அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தால், அதுவரைக்கும் தயாராகுங்கள். சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால் தயாரிப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று பொருள்.

6. முடிந்ததை எல்லாம் முன்கூட்டியே செய்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

எல்லாவற்றிலும் இல்லை. சில வேலைகளுக்கு ஆயுள் உண்டு. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் பொதுவாக 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ரொம்ப முன்னால் எழுதிவிட்டால் மறுபடி எழுத வேண்டி வரும். விலைப்புள்ளி, மருத்துவச் சான்று, சந்தை நிலவரம் எல்லாம் இப்படித்தான். மறந்துபோகக்கூடிய அறிவும் இதில் சேரும். பயன்படுத்துவதற்கு ஒரு வருஷம் முன்னால் கற்ற மென்பொருளைத் திரும்ப முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் ‘இதற்கு முன்னால் முடியாது’ என்ற எல்லையோடு, ‘இதற்கு முன்னால் செய்தால் வீணாகும்’ என்ற எல்லையும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை எப்படி அடுக்குவது?

கெடு இருக்கிற வேலைகள் என்றால், கெடு முந்தி வருவதை முதலில் செய்யுங்கள். சாதாரண அறிவு போலத் தெரிந்தாலும் இதற்கு நிரூபணம் இருக்கிறது. எல்லா வேலையும் இப்போதே தொடங்கத் தயாராக இருந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்போது, ‘மிக அதிகமாகத் தாமதமாகும் வேலை எவ்வளவு தாமதமாகும்’ என்ற அளவை மிகக் குறைவாக வைப்பது இந்த வரிசைதான் என்று 1955-இல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஜாக்சன் காட்டினார்.

கெடு இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் யாரோ காத்திருக்கிறார்கள் என்றால், சின்னதை முதலில் முடியுங்கள். 1, 3, 8 நாள் பிடிக்கும் மூன்று வேலைகள் இருக்கின்றன என்று வையுங்கள். சின்னதிலிருந்து செய்தால் 1, 4, 12-ஆம் நாள்களில் முடியும். சராசரி 5.7 நாள். பெரியதிலிருந்து செய்தால் 8, 11, 12-ஆம் நாள்களில் முடியும். சராசரி 10.3 நாள். உங்கள் உழைப்பு இரண்டிலும் 12 நாள்தான். காத்திருப்பவர்களின் அனுபவம் மட்டும் தலைகீழ். ஒரு வேலை மற்றதைவிட அதிக மதிப்புள்ளது என்றால், மதிப்பை நாளால் வகுத்து, பெரிய எண் வருவதை முன்னால் வையுங்கள். இது 1956-இல் வெய்ன் ஸ்மித் என்ற ஆய்வாளர் தந்த விதி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. யாரும் காத்திருக்காத, உங்களுக்கு மட்டுமே முக்கியமான பெரிய வேலை இந்த விதிப்படி கடைசிக்குப் போய்க்கொண்டே இருக்கும். சின்ன வேலைகள் தினமும் புதிதாக முளைக்கும் அல்லவா? அந்தப் பெரிய வேலைக்கு நாளில் ஒரு நேரத்தைத் தனியாக ஒதுக்கி, இந்தப் போட்டியிலிருந்தே அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

8. நான் செய்வது பத்து நிமிஷ வேலை, ஆனால் பதில் வர மூன்று வாரம் ஆகிறது. இந்த மாதிரி வேலைகளை எங்கே வைப்பது?

எல்லாவற்றுக்கும் முன்னால். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நேரம் உண்டு: நீங்கள் உட்கார்ந்து செய்யும் நேரம், அது தானாக நகரும் நேரம். பரிந்துரைக் கடிதம் கேட்பது, விண்ணப்பம் போடுவது, பொருளுக்குச் சொல்லி வைப்பது, நிபுணரிடம் நேரம் கேட்பது எல்லாவற்றிலும் முதல் நேரம் சிறியது, இரண்டாவது நீளமானது. அவற்றைத் தொடங்கிவிட்டுத்தான் உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு வர வேண்டும். காலையில் பட்டியலைத் திறந்ததும், “யாரோ ஒருவர் பக்கம் தள்ளிவிடக்கூடியது எது?” என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அனுப்பியதோடு மறந்துவிடாமல், எப்போது நினைவூட்ட வேண்டும் என்பதையும் அப்போதே குறித்துவிடுங்கள். பதில் வராத கடிதத்தை நம்பி மூன்று வாரம் போன பிறகு விசாரிப்பது, மூன்று வாரம் தாமதமாக அனுப்பியதற்குச் சமம்.

9. ‘கிரிட்டிக்கல் பாத்’ என்கிறார்களே, அதை எளிதாகச் சொல்ல முடியுமா?

ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் வேலைகளைக் கோர்த்தால் பல சங்கிலிகள் கிடைக்கும். அவற்றில் மிக நீளமான சங்கிலிதான் ‘கிரிட்டிக்கல் பாத்’. முழுத் திட்டமும் எப்போது முடியும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். ஒரு புகைப்படக் கண்காட்சி என்று வையுங்கள். படம் தேர்வு 2 வாரம், அச்சிடுதல் 3 வாரம், சட்டம் போடுதல் 2 வாரம், ஆக 7 வாரம். இன்னொரு பக்கம், அரங்கு பிடிக்க 1 வாரம், அழைப்பிதழ் அச்சிட 1 வாரம், அனுப்பிப் பதில் பெற 2 வாரம், ஆக 4 வாரம். இரண்டாவது சங்கிலிக்கு 3 வாரம் உபரி நேரம் இருக்கிறது. ராத்திரி பகலாக அழைப்பிதழ் வேலை பார்த்தாலும் கண்காட்சி ஒரு நாள்கூட முன்னால் நடக்காது. படத் தேர்வு ஒரு நாள் தள்ளினால் எல்லாமே ஒரு நாள் தள்ளும்.

இந்த முறையை 1957 வாக்கில் டியூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் என்ற கணினி நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கினார்கள். அதே காலத்தில் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற இதே போன்ற முறையைக் கொண்டுவந்தது. ஒன்று கவனியுங்கள்: நீளமான சங்கிலியைக் குறுக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் வேறொரு சங்கிலி நீளமானதாகிவிடும். மேலே சொன்ன கணக்கில் 3 வாரத்துக்கு மேல் குறைத்தால் அழைப்பிதழ்தான் இழுத்துப் பிடிக்கும். அதனால் ஒரு முறை பார்த்துவிட்டு விட முடியாது, பெரிய வேலை ஒன்று முடியும்போதெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும்.

10. கஷ்டமானதை முதலில் முடிப்பதா, சுலபமானதில் தொடங்கிச் சூடு பிடிப்பதா?

இரண்டையும்விட ‘நிச்சயமில்லாதது’ முதலில் வர வேண்டும். கஷ்டமான வேலை என்றாலும் முடியும் என்று தெரிந்தால், அது பின்னால் வந்தாலும் ஆபத்தில்லை. முடியுமா என்றே தெரியாத வேலை ஒன்று இருந்து, அது தோற்றால் மற்ற எல்லாம் வீணாகும் என்றால், அதைப் பின்னால் வைப்பது பெரிய சூதாட்டம். 1-இல் சொன்ன மூன்றாவது இழப்பு வருவது இங்கேதான். செயலி ஒன்று உருவாக்குபவர் சின்னம் வரைவது, பெயர் தேடுவது எல்லாம் முடித்துவிட்டு, ‘இதை யாராவது பயன்படுத்துவார்களா?’ என்பதைக் கடைசியில் சோதிப்பார். சின்னமும் பெயரும் நிச்சயம் முடியும் என்பதாலேயே மனம் அங்கே ஓடுகிறது.

நிலவுப் பயணத்தைப் பாருங்கள். நிலவைச் சுற்றும் பாதையில் இரண்டு கலங்கள் சந்தித்து இணையும் வழியை 1962-இல் நாசா தேர்ந்தெடுத்தது. விண்வெளியில் இரண்டு கலங்களை அதுவரை யாருமே இணைத்ததில்லை. அதனால் பூமிக்குப் பக்கத்திலேயே, ஜெமினி திட்டத்தில் அதைச் சோதித்தார்கள். 1966 மார்ச்சில் ஜெமினி 8 முதல் இணைப்பைச் செய்து காட்டியது. மனிதர் நிலவில் இறங்கியது 1969-இல். சந்தேகமான பகுதியைச் சின்ன அளவில், சீக்கிரமாகச் சோதித்த வரிசை அது.

சூடு பிடிக்கச் சுலபமான வேலை ஒன்றைச் செய்வதில் தப்பே இல்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் சரி.

11. அற்பமான ஒரு வேலை முக்கியமான வேலையை நிறுத்தி வைக்கிறது. அதற்குப் போய் முன்னுரிமை தருவதா?

ஆமாம், தர வேண்டும். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆனது. காரணம் இதேதான். தகவல்களைக் கடத்தும் பொறுப்பிலிருந்த மிக முக்கியமான பணி ஒன்று, வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்நிலைப் பணி வைத்திருந்த ஒரு பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே பயன்படுத்தும்படி மென்பொருள் போடும் தடை) காத்திருந்தது. அந்தக் கீழ்நிலைப் பணி பூட்டை விடலாம் என்றால், நடுத்தர முக்கியத்துவமுள்ள வேறு பணிகள் குறுக்கே வந்து அதை ஓடவிடவில்லை. பூட்டை வைத்திருக்கும் வரைக்கும் அந்தச் சின்னப் பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பெரிய பணியின் முன்னுரிமையைத் தரும்படி பூமியிலிருந்தே அமைப்பை மாற்றினார்கள். சரியாகிவிட்டது.

நம் பட்டியலிலும் அதே விதி. ஒரு வேலையின் தகுதி, அதை நம்பி நிற்பவற்றில் மிகப் பெரியதன் தகுதிதான். கையெழுத்து வாங்குவது அற்பமாக இருக்கலாம். அந்தக் கையெழுத்தில்லாமல் கடன் வராது என்றால், இன்றைய முதல் வேலை அதுதான். 2-இல் நினைவில் வைக்கச் சொன்ன கேள்வி இதற்காகத்தான்.

12. வேலை கிடைக்க அனுபவம் கேட்கிறார்கள், அனுபவம் வர வேலை வேண்டும். இதற்கு என்ன வரிசை?

வரிசையே கிடையாது. ஒன்றை ஒன்று நம்பிச் சுற்றி வரும் வேலைகளை எந்த விதத்திலும் வரிசைப்படுத்த முடியாது என்பது கணக்கு. நீங்கள் எவ்வளவு யோசித்தாலும் வழி தெரியாதது உங்கள் குறை அல்ல. வளையத்தை எங்காவது உடைத்தால்தான் வரிசை பிறக்கும்.

உடைக்க எளிய வழி, இரண்டில் ஒன்றின் சின்ன வடிவத்தைத் தேடுவது. முழு அனுபவத்துக்குப் பதில் யாரும் கேட்காமலே செய்து முடித்த ஒரு சின்னப் பணி, முழு வாடிக்கையாளருக்குப் பதில் இலவசமாகச் செய்து கொடுத்த ஒருவர். இன்னொரு வழி, ஒன்றைத் தற்காலிகமாக ஊகித்துக்கொண்டு நகர்வது. விமானம் வடிவமைப்பவர்களுக்கு எடை தெரிந்தால்தான் இறக்கை அளவு வரும், இறக்கை அளவு தெரிந்தால்தான் எடை வரும். அவர்கள் ஓர் எடையை ஊகித்துக் கணக்குப் போட்டு, வந்த விடையை வைத்து ஊகத்தைத் திருத்தி, மறுபடி கணக்குப் போடுகிறார்கள். சில சுற்றுகளில் இரண்டும் பொருந்தி வந்துவிடும். வரவுசெலவுத் திட்டம் போடும்போதும் இதையே செய்யலாம்.

13. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தே நகர்த்தினால் என்ன?

4 நாள் வேலைகள் இரண்டை நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால், ஒன்று 7-ஆம் நாளும் மற்றது 8-ஆம் நாளும் முடியும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால், 4-ஆம் நாளும் 8-ஆம் நாளும். இரண்டாவதற்கு நஷ்டமில்லை, முதலாவதுக்கு 3 நாள் லாபம். 8-இல் சொன்ன, தானாக நகரும் வேலைகள் மட்டும் விதிவிலக்கு.

14. இப்போதைய வேலையை விட்ட பிறகுதான் சொந்தத் தொழிலில் இறங்க வேண்டுமா?

திரும்பி வர முடிகிற அடிகளை முன்னால் வையுங்கள், திரும்ப முடியாததைப் பின்னால் வையுங்கள். சின்ன அளவில் விற்றுப் பார்ப்பது, செலவைக் கணக்கிடுவது, முதல் சில வாடிக்கையாளர்களோடு பேசுவது எல்லாம் வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடியவை. தோற்றாலும் இழப்பு சிறிது. அவை தரும் தகவலை வைத்துத்தான் ராஜினாமாவை எடை போட வேண்டும்.

ஆனால் பெரிய முடிவைத் தள்ளிக்கொண்டே போவதும் ஆபத்து. “இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் எனக்குப் புதிதாக என்ன தெரியவரும்?” என்று கேளுங்கள். தெளிவான பதில் இருந்தால் பொறுங்கள். ஒன்றும் தெரியவராது என்றால், இனிக் காத்திருப்பதால் முடிவு மேம்படப் போவதில்லை. ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள்.

15. வரிசை சரியாகத்தான் போட்டேன், ஆனால் நாள் கணக்கு எப்போதும் தப்புகிறது. ஏன்?

நாம் எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரே வைத்தார்கள். இந்த வேலை எப்படிப் போகும் என்று கற்பனை செய்வதைவிட, இது போன்ற வேலை சென்ற முறை எவ்வளவு நாள் பிடித்தது என்று பார்ப்பது நம்பகமானது.

இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. மூன்று தனித்தனி வேலைகள் முடிந்தால்தான் நான்காவது தொடங்கும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80 சதவீத வாய்ப்பு. மூன்றும் சேர்ந்து முடிய 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 சதவீதம்தான். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நம்பிக்கையாகத் தெரியும், சேருமிடத்தில் தடுக்கும். அதனால் உபரி நாள்களை ஒவ்வொரு வேலைக்கும் பிரித்துக் கொடுக்காமல், பல வேலைகள் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் மொத்தமாக வையுங்கள்.

16. பாதி வழியில் ஒன்று நின்றுவிட்டது. போட்ட வரிசையை மாற்றலாமா?

தாராளமாக. நாசாவின் நிலவுத் திட்டத்தில், அப்போலோ 8 முதலில் பூமியைச் சுற்றி நிலவிறங்கு கலத்தைச் சோதிக்க இருந்தது. கலம் தயாராகவில்லை. அதற்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காமல், கலம் தேவைப்படாத ஒரு படியை முன்னால் இழுத்தார்கள்: 1968 டிசம்பரில் அப்போலோ 8 நிலவைச் சுற்றிவிட்டு வந்தது. கலத்தின் சோதனை 1969 மார்ச்சில் அப்போலோ 9-க்குப் போனது. கலத்தின் சோதனையைக் கைவிடவில்லை, அதன் இடம் மட்டும் மாறியது.

இப்படி மாற்ற வேண்டுமானால், எது எதை நம்பி நிற்கிறது என்பதை முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். வரிசை எண் மட்டும் போட்டு வைத்தவருக்கு ஒன்று நின்றால் எல்லாம் நின்றுவிடும். காரணத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தவருக்கு எதை முன்னால் இழுக்கலாம் என்பது உடனே தெரியும்.

17. நான் வரிசையாகப் போனாலும் கூட இருப்பவர்கள் ஒத்துவர மாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது?

பெரும்பாலும் அவர்களுக்கு அவர்கள் வேலை மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் யார் காத்திருக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். “சீக்கிரம் முடியுங்கள்” என்பதை விட்டுவிட்டு, “உங்கள் அளவுகள் வந்தால்தான் பொருளுக்குச் சொல்ல முடியும், பொருள் வர நான்கு வாரம் ஆகும்” என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் ஒன்று: அவர்கள் முழுமையாக முடிக்கும்வரை உங்களுக்கு எல்லாமே தேவையா என்பதையும் யோசியுங்கள். பாதிப் பிணைப்பு என்று 4-இல் சொன்னது இங்கே கைகொடுக்கும். பத்து அளவுகளில் பொருளுக்குச் சொல்ல இரண்டு போதும் என்றால், அந்த இரண்டை மட்டும் இன்றைக்குக் கேட்டு வாங்குங்கள். மீதி எட்டை அவர் தன் வேகத்தில் தரட்டும்.